‘ஆத்தா, பார்சல் வந்திருக்கு’: தபாலில் வந்த மோசடியை யாரிடம் சொல்வது?

எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பகல் பதினொரு மணிக்குத் தெருவில் ஆம்பளைகளைப் பார்ப்பது அரிது. கடலுக்குப் போனவர்கள் கடலில் இருப்பார்கள், இரவு போய்த் திரும்பியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தபால்காரர் வரும் நேரமும் அதுதான்.

“ஆத்தா, உங்க மகன் பேருக்கு ஒரு பார்சல். 899 ரூவா கட்டணும்.”

“அவன் ஒண்ணும் சொல்லலையேப்பா.”

“எனக்கென்ன தெரியும் ஆத்தா? வேணாம்னா சொல்லுங்க, திருப்பி விட்டுர்றேன்.”

மகனிடம் கேட்கலாம் என்றால் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே டவர் போய்விடும். கருவாடு விற்ற காசை முந்தானையிலிருந்து அவிழ்த்து ஆத்தா கட்டிவிடுகிறார். சாயங்காலம் மகன் வந்து பிரிக்கிறான். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் சும்மா இருந்தபோது ஏதோ விளம்பரத்தைப் பார்த்து, தலையில் மாட்டும் சார்ஜ் லைட் ஒன்றுக்கு ஆர்டர் போட்டது உண்மைதான். பெட்டிக்குள் இருப்பதோ இரண்டு பிளாஸ்டிக் சீப்பும் ஒரு கிழிந்த துணியும். விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுப்பதில்லை.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரில் சொன்னாலும், “எங்க வீட்டுலயும்தான்” என்று ஒருத்தராவது எழுந்து நிற்பார். ஆனால் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் இல்லை என்பார்கள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாததுதான் காரணம். அஞ்சலகத்தில் கேட்டால் “நாங்க கொண்டு வந்து கொடுக்கிறதோட சரி” என்பார்கள். போலீஸில் கேட்டால் “போஸ்ட் ஆபீஸ்ல கேளுங்க” என்பார்கள். இரண்டு பதிலிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி என்ன என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

துப்பாக்கி வைத்திருக்கும் தபால் இன்ஸ்பெக்டர்

இணையத்தில் தேடினால், “போஸ்டல் இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுங்கள், ஆளைப் பிடித்துவிடுவார்” என்ற யோசனை நிறையக் கிடைக்கும். அது அமெரிக்காவுக்கான யோசனை. அங்கே தபால் வழி மோசடி என்று 1872-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதைத் துப்புத் துலக்க அவர்களுடைய தபால் துறைக்கென்றே ஒரு புலனாய்வுப் படை இருக்கிறது. அந்த இன்ஸ்பெக்டர்கள் துப்பாக்கி வைத்திருப்பார்கள், கைது செய்வார்கள். தண்டனை 20 ஆண்டு வரை போகும். 1994-ல் சட்டத்தைத் திருத்தித் தனியார் கூரியரையும் அதற்குள் கொண்டுவந்தார்கள்.

நம் ஊரிலும் அஞ்சல் ஆய்வாளர் இருக்கிறார். ஆனால் அவர் வேலை வேறு. தன் உட்கோட்டத்து அஞ்சலகங்களைச் சோதிப்பது, கணக்குப் பார்ப்பது, ஊழியர்மேல் வரும் புகாரை விசாரிப்பது. சூரத்திலோ டெல்லியிலோ இருந்துகொண்டு சீப்பு அனுப்பியவனைப் போய்ப் பிடிக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. இங்கே இது வெறும் மோசடிக் குற்றம், அதாவது போலீஸ் வழக்கு. முன்பு 420 என்று சொல்வோமே, அதே விவகாரம் 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவுக்குப் போய்விட்டது. ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ பறித்தால் 7 ஆண்டு வரை சிறை.

அப்படியானால் அஞ்சலகத்துக்கு எதற்குப் போக வேண்டும்? வேறு யாரிடமும் இல்லாத இரண்டு விஷயம் அவர்களிடம் இருக்கிறது. ஒன்று, அந்தப் பார்சல் எந்த ஊர் அஞ்சலகத்தில், எந்தத் தேதியில், யார் கணக்கில் பதிவானது என்ற பதிவேடு. இன்னொன்று, நீங்கள் கட்டிய பணம். ஆத்தா கொடுத்த 899 ரூபாய் அந்த நிமிடமே மோசடிக்காரன் கைக்குப் போய்விடுவதில்லை. அது முதலில் அஞ்சல் துறைக் கணக்கில் ஏறி, பிறகுதான் அனுப்பியவருக்குப் போகிறது. புகார் என்பது அந்த இடைவெளியில் ஓடும் ஓட்டம்.

வி.பி. என்ற பழைய சங்கதி

பொருளைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குவது ஏதோ ஆன்லைன் கம்பெனிகள் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். கடிகாரம், லேகியம், ஜோதிடப் புத்தகம் எல்லாம் வி.பி.பி.யில், அதாவது தபால்காரரிடம் பணம் கட்டினால்தான் கைக்கு வரும் பார்சலில், வரவழைத்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. போட் மெயில் ரயிலேறி தனுஷ்கோடிக்குப் போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குத் தபால் போன காலத்திலேயே வி.பி. உண்டு. அப்போதும் ஏமாற்று இருந்திருக்க வேண்டும். 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்திலேயே அதற்கு இடம் வைத்திருந்தார்கள்: உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புகிறவர் உறுதி சொல்ல வேண்டும், மோசடி என்று தெரிந்தால் வசூலித்த பணத்தை நிறுத்திவைத்து, கட்டியவருக்கே திருப்பித் தர விதி செய்யலாம்.

அந்தப் பழைய சட்டம் இப்போது இல்லை. 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தப் புதிய சட்டம் துறையின் பொறுப்பை இறுக்கமாகத்தான் வரையறுக்கிறது. பெட்டிக்குள் சீப்பு இருந்ததற்கு அஞ்சல் துறை நஷ்டஈடு தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூடிய பெட்டிக்குள் இருப்பது அவர்களுக்கும் தெரியாது. பணத்தை அனுப்பியவருக்குக் கொடுக்காமல் நிறுத்துங்கள் என்று நாம் எழுத்தில் கேட்பது வேறு. அதை வாயால் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் கேட்டதற்கு அடையாளமே இருக்காது.

இங்கே தபால்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏமாந்த கோபத்தை அவர்மேல் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதியோர் பென்ஷனைத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுக்கிறவர் அவர். மகன் சவூதியிலிருந்து அனுப்பிய கடிதத்தை ஒருகாலத்தில் படித்தும் காட்டியவர். அவர் கையில் வருவது நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை மோசடிக்காரன் ஓசியில் வாங்கிக்கொள்கிறான். அதே நம்பிக்கைதான் ஆத்தாவின் முந்தானை முடிச்சையும் அவிழ்த்தது. “திருப்பி விட்டுர்றேன்” என்று தபால்காரர் சொன்னாரே, அந்த இடத்தில் “சரி, விட்டுருப்பா” என்று சொல்லியிருந்தால் முடிந்தது. வேண்டாம் என்று மறுத்தால் வாங்குகிறவருக்கு ஒரு பைசா செலவில்லை, சட்டச் சிக்கலும் இல்லை. மகன் கரைக்கு வரும்வரை ஓரிரு நாள் அஞ்சலகத்திலேயே வைத்திருக்கச் சொல்லியும் கேட்கலாம்.

முதலில் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

ஏமாந்த ஆத்திரத்தில் எல்லோரும் செய்கிற முதல் காரியம், பெட்டியைக் கிழித்துக் குப்பையில் எறிவது. ஆதாரமே அதுதான். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பட்டைக் கோட்டின் (பார்கோடு) கீழே 13 இடங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ‘ஐ’, ‘என்’. கடைசி இரண்டும் இந்தியாவைக் குறிக்கும். முதல் எழுத்து ‘இ’ என்றால் ஸ்பீட் போஸ்ட், ‘சி’ என்றால் பார்சல். இந்த வடிவத்தில் எண் இருந்தால் அது அஞ்சல் துறை வழியாக வந்தது. வேறு மாதிரி நீளமான வெறும் எண் என்றால் பெரும்பாலும் தனியார் கூரியர். அதற்கு அஞ்சலகத்தில் போய் நிற்பது வீண் நடை.

சீட்டில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று, எடை. அனுப்பிய ஊரில் பதிவு செய்யும்போதே எடை போட்டு அதில் அச்சிட்டுவிடுவார்கள். அரைக் கிலோ இருக்க வேண்டிய பொருளுக்குச் சீட்டில் 120 கிராம் என்று இருந்தால், வழியில் யாரும் திருடவில்லை, அனுப்பும்போதே குப்பைதான் அனுப்பினான் என்று அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும். எடை சரியாக இருந்து உள்ளே கல் இருந்தால் அது வேறு கதை. இடையில் பிரித்து மாற்றினார்களா என்று அஞ்சல் ஆய்வாளர் பார்க்க வேண்டிய விஷயம் அது, அங்கே அவருக்கு முழு அதிகாரம் உண்டு.

பிரிப்பதற்கு முன்பே செல்போனில் வீடியோ எடுப்பது நல்லது. சீட்டில் தொடங்கி, வெட்டாமல், உள்ளே இருப்பது வெளியே வரும்வரை. ஏற்கெனவே பிரித்தாகிவிட்டதா? அட்டை, சீட்டு, குப்பை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். விளம்பரத்தையும், அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கே அந்தப் பக்கம் காணாமல் போகும். அஞ்சல் துறையின் தளத்தில் அந்த 13 இட எண்ணைப் போட்டால், எந்த அஞ்சலகத்தில் பதிவானது என்பதிலிருந்து உங்கள் கைக்கு வந்தது வரை காட்டும். அதையும் அன்றைக்கே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மனு

கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் கொடுத்தால் மேலே போகாது என்பதில்லை, ஆனால் நாளாகும். உங்கள் பார்சல் எந்தத் துணை அஞ்சலகக் கணக்கில் வந்ததோ அங்குள்ள போஸ்ட்மாஸ்டரிடம் கொடுங்கள். நகலை ராமநாதபுரம் கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். மாவட்டத்தில் அஞ்சல் விவகாரங்களுக்குப் பெரிய அதிகாரி அவர்தான். அவருக்கு மேலே மதுரையில் தென்மண்டல அஞ்சல் துறைத் தலைவர், அதற்கும் மேலே சென்னை. நேராகச் சென்னைக்கு எழுதினாலும் அது சுற்றிக்கொண்டு ராமநாதபுரத்துக்குத்தான் வந்து சேரும்.

மனுவில் கதை வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

“ஐயா, என் பெயருக்கு இன்ன எண்ணுள்ள பார்சல் இன்ன தேதியில் பட்டுவாடா ஆனது. 899 ரூபாய் செலுத்திப் பெற்றோம். நான் கேட்டது சார்ஜ் லைட். உள்ளே இருந்தது இரண்டு சீப்பும் ஒரு பழந்துணியும். சீட்டில் உள்ள எடை 120 கிராம். இது மோசடி என்பதால், இந்தத் தொகையை அனுப்புநருக்கு வழங்காமல் நிறுத்திவைத்து எனக்குத் திருப்பித் தரவும், அனுப்புநரின் பதிவு விவரங்களைக் காவல் துறை கேட்கும்போது தருவதற்காகப் பாதுகாத்து வைக்கவும் வேண்டுகிறேன். படங்கள் இணைத்துள்ளேன்.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். “முத்திரை எல்லாம் போட மாட்டோம்” என்றால் சண்டை வேண்டாம், அதே கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட்டில் அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். ரசீதுதான் அத்தாட்சி. எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் அப்படிச் செய்ததும், அடுத்த நிமிடம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள்.

கூடவே 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலோ அஞ்சல் துறைத் தளத்திலோ பதிவு செய்தால் ஒரு புகார் எண் கிடைக்கும். மனுவில் அந்த எண்ணையும் எழுதிவிடுங்கள். பதில் வரவில்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் போடலாம்; 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2024-ல் விதித்திருக்கிறார்கள். கோட்ட அளவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக் அதாலத் என்ற குறைதீர் கூட்டம் நடக்கும். அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக வரும். அதற்கு முன்கூட்டியே மனு அனுப்ப வேண்டும். எதற்கும் அசையவில்லையா, என் மனுமீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். அதைக் கட்டப் போஸ்டல் ஆர்டர் வாங்குவதும் அதே கவுன்டரில்தான்.

அனுப்பியவன் முகவரியைக் கொடு என்று நீங்களே கேட்டால் கொடுக்க மாட்டார்கள். சீட்டில் இருப்பது பல சமயம் ஏதோ ஒரு கிடங்கின் முகவரி. மொத்தமாகப் பார்சல் போடும் இடைத்தரகர்களோடு துறைக்கு ஒப்பந்தம் இருக்கும், அவர்களுக்குப் பின்னால் சில்லறை மோசடிக்காரன் ஒளிந்திருப்பான். அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுக்கப் போலீஸ்தான் கடிதம் எழுத வேண்டும். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. அங்கே போகும்போது முத்திரை போட்ட மனு நகல் கையில் இருந்தால், “போஸ்ட் ஆபீஸ்ல கேளுங்க” என்ற பேச்சே எழாது.

பணம் போனில் போயிருந்தால்

இதுவரை சொன்னது கையில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு. ஜிபேயிலோ போன்பேயிலோ முன்பணம் அனுப்பிவிட்டு, பொருளே வரவில்லை, அல்லது அவன் கொடுத்த ட்ராக்கிங் எண்ணே பொய் என்றால் அஞ்சலகத்துக்குப் போய் நேரத்தை விடாதீர்கள். உடனே 1930, அதுதான் இணையப் பண மோசடிக்கான உதவி எண். அந்த எண்ணில் சொன்னால் பணம் எந்த வங்கிக்குப் போனதோ அங்கே முடக்கப் பார்ப்பார்கள். அவன் ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் முடக்க ஒன்றும் இருக்காது. மறுநாள் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமில்லை. நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி பொதுவாகத் தன் கையிலிருந்து ஈடுகட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விற்கிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, மிளகாய், கருவாடு, கருப்பட்டி என்று வீட்டிலிருந்தே பார்சல் போடும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கு வருகிற வலை, “பணம் அனுப்பிட்டேன்க்கா” என்ற போலி ஸ்கிரீன்ஷாட். அல்லது, “இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்” என்ற பேச்சு. பணம் வாங்க, ‘பின்’ நம்பர் எங்கேயும் தேவையில்லை. வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் பார்சலைக் கட்டாதீர்கள்.

தபால் துறை பெயரில் வரும் குறுஞ்செய்தி

“உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி சரியில்லை, 24 மணி நேரத்துக்குள் இந்த லிங்கில் திருத்தவும்” என்று வரும். திறந்தால் அஞ்சல் துறைத் தளம் மாதிரியே இருக்கும், சின்னதாக ஒரு தொகை கேட்கும், கார்டு எண்ணைக் கேட்கும். கட்டியதும் கணக்கே காலி. முகவரியைத் திருத்தச் சொல்லி அஞ்சல் துறை இப்படி லிங்க் அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் செய்திச் சரிபார்ப்புப் பிரிவே சொல்லியிருக்கிறது. நம் ஊரில் முகவரி சரியில்லை என்றால் தபால்காரர் டீக்கடையில் கேட்டுக்கொள்வார். பணம் போகவில்லை, செய்தி மட்டும் வந்தது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியில் புகார் செய்யலாம். 2024 மார்ச்சில் தொடங்கினார்கள். பணமும் போயிருந்தால் மறுபடி 1930தான்.

இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான்: சுரண்டல் அட்டை. பெரிய கம்பெனி பெயர் அச்சிட்ட உறையில், தபாலிலேயே வரும். சுரண்டினால் கார் விழும். வரி கட்டினால் கார் வரும் என்பார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்கே தடை, கேட்காமல் கார் கொடுக்க யாரும் இல்லை. தபால் உறையே ஆயுதமாக வருகிற மோசடி இது என்பதால், பதிவு எண்ணும் முத்திரையும் உள்ள அந்த உறையைப் பத்திரமாக வைத்து, அஞ்சலகத்துக்கும் போலீஸுக்கும் நகல் கொடுங்கள். பணம் கட்டாதவர்களும் கொடுக்கலாம்.

நுகர்வோர் வழி

விற்றவன் பெயரும் ஊரும் தெரிந்த கம்பெனியாக இருந்தால் மட்டும் இந்த வழி பயன்படும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

899 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் கணக்குப் பார்த்தால் ஆத்தாவுக்கு இது நஷ்டம்தான். மோசடிக்காரனும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் விலை வைக்கிறான். 9,000 என்று வைத்தால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அதனால் ஒரு யோசனை. ஒரே தெருவில், ஒரே அனுப்புநர் பெயரில் நாலைந்து பேர் ஏமாந்திருந்தால், ஆளுக்கொரு மனு எழுதி, எல்லாவற்றையும் ஒரே ஆள் கொண்டுபோய் ஒரே நாளில் கொடுக்கலாம். ஒவ்வொரு மனுவிலும் மற்றவற்றின் பார்சல் எண்களையும் எழுதுங்கள். ஐந்து சீட்டிலும் ஒரே பதிவு அஞ்சலகம், ஒரே எடை என்று இருந்தால் அந்தக் கோப்பை ஓரமாக எடுத்து வைப்பது அதிகாரிக்குச் சுலபமில்லை. மீனவர் சங்கத்திலோ மகளிர் குழுவிலோ எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று எப்படியும் இருக்கும்.